எலும்புக்கு வழிவிட்ட மனிதர்

1865 ஆகஸ்ட் 12. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ராயல் மருத்துவமனைக்கு ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயசுப் பையனைக் கொண்டுவந்தார்கள். வண்டிச் சக்கரம் இடது கால் மேல ஏறி இறங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. இன்னைக்கு இது ஆர்த்தோ வார்டில் தினமும் வர்ற கேஸ். ஆனால் அந்தக் காலத்தில், தோல் கிழிந்த முறிவு என்றால் காலை வெட்டிவிடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். வெட்டாமல் விட்டால் காயம் அழுகி, சீழ் வைத்து, ஆளே போய்விடுவார். சரி, வெட்டினால் பிழைப்பாரா? அதே மருத்துவமனையில் 1864-66 காலத்தில் அப்படி வெட்டப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்துபோனார்கள்.

பையனைப் பார்த்த டாக்டரின் பெயர் ஜோசப் லிஸ்டர். வயது 38. அவரை ரொம்ப நாளாக ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. எலும்பு உள்ளுக்குள்ளேயே முறிந்தால் கட்டுப் போட்டாலே போதும், தானாகக் கூடிவிடுகிறது. அதே எலும்பு, அதே மாதிரி முறிவு, தோலில் ஒரு ஓட்டை விழுந்தால் மட்டும் ஏன் உயிருக்கே ஆபத்து? அப்படியென்றால் பிரச்சினை எலும்பில் இல்லை. அந்த ஓட்டை வழியாக எதுவோ உள்ளே போகிறது.

கெட்ட காற்றுதான் போகிறது என்றுதான் அன்றைய டாக்டர்களில் பலர் நம்பினார்கள். லிஸ்டருக்கு அது ஒத்துவரவில்லை. அதற்கு அவர் வளர்ந்த வீடும் ஒரு காரணம். 1827-ல் லண்டனுக்குப் பக்கத்தில் அப்டன் என்ற ஊரில், ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ஒயின் வியாபாரி. ஆனால் ஓய்வு நேரத்தில் அவர் செய்தது லென்ஸ் ஆராய்ச்சி. மைக்ராஸ்கோப்பில் படம் மங்கலாகத் தெரிகிற குறையைச் சரிசெய்ய, லென்ஸ்களை எப்படி இடைவெளி விட்டு அடுக்குவது என்று 1830-ல் கட்டுரை எழுதிய ஆள்! நம்ம ஆப்டிக்ஸ் பேப்பருக்கே அவர் ஒருவகையில் தாத்தா. அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஒன்றும் புதுசில்லை.

லண்டனில் படிப்பை முடித்துவிட்டு, எடின்பரோவில் சைம் என்ற பெரிய சர்ஜனிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1856-ல் அவருடைய மகள் ஆக்னஸைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண் குவேக்கர் இல்லை என்பதால் அந்தச் சபையை விட்டே வெளியேற வேண்டி வந்தது. 1860-ல் கிளாஸ்கோவில் பேராசிரியர் வேலை. அங்கேதான் ஆண்டர்சன் என்ற வேதியியல் பேராசிரியர், பிரான்ஸில் பாஸ்டர் என்று ஒருவர் செய்துவரும் வேலையைப் படிக்கச் சொன்னார். நுண்ணுயிர் போகாமல் எதுவும் அழுகுவதில்லை என்பது பாஸ்டரின் முடிவு. அந்த உயிர்களைத் தடுக்க மூன்று வழி: சூடாக்கு, வடிகட்டு, ரசாயனம் போடு. மனுஷன் காலைக் கொதிக்க வைக்க முடியாது, வடிகட்டவும் முடியாது. மிச்சம் ரசாயனம்தான். கார்லைல் நகரத்தில் சாக்கடைக் கழிவின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டார். சரி, அதையே எடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். அதே வருஷம் மார்ச்சில் செய்த முதல் முயற்சி தோற்றது. இரண்டாவதாக வந்தவன்தான் கிரீன்லீஸ்.

அமிலத்தில் நனைத்த துணியைக் காயத்தின் மேல் வைத்து, காலுக்கு மட்டை கட்டினார். நாலு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது சீழ் இல்லை, நாற்றம் இல்லை. அமிலம் பட்ட தோல்தான் புண்ணாகியிருந்தது. உடனே அமிலத்தை நீர்க்கச் செய்தார். ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. பையன் இரண்டு காலோடு வீட்டுக்குப் போனான். 1867-ல் லான்செட் இதழில் இப்படி 11 கேஸ்களை எழுதினார். ஒருவர் இறந்தார், ஒருவருக்குக் கால் போனது, மற்ற 9 பேரும் தேறினார்கள்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கு. காயத்துக்குள் உறைந்த ரத்தம் அழுகாமல் மெல்ல உயிருள்ள சதையாக மாறுவதை லிஸ்டர் கவனித்தார். எலும்பை வளர வைக்க அவர் எதுவுமே செய்யவில்லை. கிருமியைத் தடுத்தார், வேலையை உடம்பே பார்த்துக்கொண்டது. அந்த வேலையைச் செய்வது யார் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. மஜ்ஜையில் எலும்பை உருவாக்கக்கூடிய ஸ்டெம் செல்கள் இருப்பதை ஃப்ரீடன்ஸ்டைன் என்ற சோவியத் விஞ்ஞானி காட்டியதே நூறு வருஷம் கழித்துத்தான்.

மஜ்ஜையிலும் எலும்பைச் சுற்றியுள்ள உறையிலும் இருக்கிற இந்தச் செல்கள், முறிவு ஏற்பட்டதும் பெருகி, எலும்பு கட்டும் செல்களாக மாறும். கிருமி கைவைப்பது இங்கேதான். எலும்புத் தொற்றில் அதிகம் மாட்டுவது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். அதன் ஆல்ஃபா நச்சு ஏழு துண்டுகளாக வந்து, செல்லின் சவ்வில் வளையமாகச் சேர்ந்து ஓட்டை போடும். பைப்பில் டிரில் போட்ட மாதிரி உள்ளே இருப்பது கசிந்து, செல் செத்துப்போகும். அதே கிருமியின் மேல் இருக்கிற புரோட்டீன் ஏ வேற ரகம்: எலும்பு கட்டும் செல்லின் ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு, தற்கொலை செய்துகொள்ளும்படி சிக்னல் கொடுக்கும். வேறு சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு அழற்சியைக் கிளப்பிவிடும். அது நீடித்தால் ஸ்டெம் செல்கள் எலும்பாக மாறுவது தடைபடுகிறது. இன்னொரு பக்கம் எலும்பைத் தின்னும் செல்களுக்குத் தெம்பு கூடுகிறது. கட்டும் மேஸ்திரி இல்லை, இடிக்கிற ஆளுக்கு டபுள் ஷிஃப்ட். கிரீன்லீஸின் காலில் லிஸ்டர் நிறுத்தி வைத்தது இதைத்தான்.

அவரிடமும் ஒரு சிக்கல் இருந்தது. கார்பாலிக் அமிலத்துக்குக் கிருமி எது, நம்ம செல் எது என்று தெரியாது, ரெண்டையும் கொல்லும். அதனால் அவர் வாழ்க்கையின் பாதி, அளவைக் குறைப்பதிலேயே போனது. எண்ணெயில் கலந்து பார்த்தார், புட்டியில் குழைத்தார், காயத்துக்கும் மருந்துக்கும் நடுவே எண்ணெய்ப் பட்டு வைத்தார். அறுவை நடக்கும்போது அமிலத்தைக் காற்றில் தெளிக்கும் இயந்திரம்கூட வைத்திருந்தார். சுற்றி நின்றவர்கள் கையெல்லாம் வெந்துபோனது. காற்றைவிடக் கையும் கருவியும்தான் ஆபத்து என்று புரிந்ததும், 1890-ல் அந்தத் தெளிப்பானைத் தான் பரிந்துரைத்ததே தவறு என்று சபையிலேயே ஒத்துக்கொண்டார். புகழின் உச்சியில் இருந்த ஒருத்தர் அப்படிச் சொல்வது சாதாரண விஷயமா என்ன?

எதிர்ப்பும் கொஞ்சநஞ்சமில்லை. 1877-ல் லண்டன் கிங்ஸ் காலேஜுக்குப் போனபோது வகுப்பில் ஆள் சேரவே கஷ்டமாக இருந்தது. அந்த அக்டோபரில், தோல் கிழியாத ஒரு முழங்கால் சில்லு முறிவை அவரே திறந்து, வெள்ளிக் கம்பியால் கட்டினார். மூடியிருக்கும் முறிவைத் திறப்பது கொலைக்குச் சமம் என்று நினைத்த காலம் அது. அந்த எலும்பும் கூடியது. அவர் முறையைப் பின்பற்றிய ஆக்ஸ்டன் என்ற அபர்டீன் சர்ஜன்தான் 1880-ல் சீழுக்குள் திராட்சைக் கொத்து மாதிரி இருந்த கிருமியைப் பார்த்து, பிறகு அதற்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார்.

ராணி விக்டோரியாவின் அக்குள் கட்டியைக் கீறியது, பிரபு பட்டம் கிடைத்தது எல்லாம் எங்கே வேணும்னாலும் படிக்கலாம். வாய் கொப்பளிக்கிற லிஸ்டரின் அவர் பேரில் வந்ததுதான், ஆனால் அதைச் செய்தது அமெரிக்காக்காரர்கள்.

ஆக்னஸ் அவருக்கு வெறும் மனைவி இல்லை. குழந்தைகள் இல்லாத அந்த வீட்டில், அவருடைய சோதனைக் குறிப்பேடுகளில் பக்கம் பக்கமாக இருப்பது ஆக்னஸின் கையெழுத்து. 1893-ல் இத்தாலிக்குப் போன இடத்தில் ஆக்னஸ் காலமானார். அதற்குப் பிறகு லிஸ்டர் பெரிதாக எதையும் ஆராயவில்லை. 1912 பிப்ரவரி 10 அன்று, 84 வயதில், வால்மர் என்ற கடலோர ஊரில் இறந்தார். நாட்டின் பெரிய மனிதர்களைப் புதைக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இறுதிப் பிரார்த்தனை நடந்தது. அங்கேயே அடக்கம் செய்யவும் தயாராக இருந்தார்கள். ஆனால் ஆக்னஸ் பக்கத்தில்தான் தன்னை வைக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்ததால், ஹாம்ஸ்டெட் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள்.