ஜி. டி. நாயுடுவும் மின்சார மோட்டாரும்

பல்லடத்துக்குக் கிழக்கே பொங்கலூர்ப் பக்கத்துக் கிணறுகளில் ஒரு காலத்தில் கவலை மாடுகள் வடம் இழுத்தன. இன்று அங்கே மோட்டார் இறைக்கிறது. தறியையும் பனியன் யந்திரத்தையும் ஓட்டுவதும் அதுவே. இம்மாறுதலுக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் காலஞ்சென்ற ஸ்ரீ ஜி. டி. நாயுடு.

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893ம் வருஷம் மார்ச்சு 23ந் தேதி பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓட்டலில் உழைத்துச் சேர்த்த பணத்தால் ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றி, மறுபடி பூட்டினார். பட்டம் பெற்ற நம் போன்ற வக்கீல்கள் இதை எண்ணிச் சற்று நாணுவது தகும். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸுடன் தொழில் தொடங்கினார்.

1932ல் நீலகிரியில் பைக்காரா மின்சாரம் பிறந்தது. மின்சாரம் நமது, மோட்டாரோ கப்பலில் வந்தது. இக்குறையைத் தீர்க்க, 1937ல் பீளமேட்டில் நாயுடுவும் ஸ்ரீ டி. பாலசுந்தரமும் செய்த மோட்டாரே இந்தியாவில் முதலாவதாகப் போற்றப்படுகிறது. பாலசுந்தரத்தின் பெயரைப் பலர் விட்டுவிடுகின்றனர்; அது நியாயமன்று.

அதன் தத்துவம் எளியது. வெளிக்கூட்டின் செப்புக் கம்பிச் சுருள்களில் மூன்று கட்ட மின்சாரம் முறைமாறிப் பாய்கிறது. சுருள்கள் அசைவதில்லை, அவற்றின் காந்த சக்தி மட்டும் சுற்றி வருகிறது. அது நடுவிலுள்ள உருளையில் மின்னோட்டத்தைத் தூண்ட, உருளையும் காந்தமாகிப் பின்தொடர்ந்து சுழல்கிறது. உருளைக்குக் கம்பித் தொடர்பு இல்லை. தேய்ந்துபோகப் பிரஷும் இல்லை. கிராமத்துக் கிணற்றடிக்கு இதைவிடப் பொருத்தமான யந்திரம் ஏது?

நாயுடு 1974 ஜனவரி 4ந் தேதி காலமானார். அதன்பின் யந்திரங்கள் தாமே இயங்கும் காலம் வந்துவிட்டது. அவற்றுக்குச் சுழற்சி மட்டும் போதாது. சொன்ன இடத்தில் நிற்கவும் வேண்டும். ஸ்டெப்பர் மோட்டார் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஓர் அடி நகரும். பொதுவாக 200 அடிகளில் ஒரு சுற்று முடியும். சர்வோ மோட்டாரோ தன் நிலையைக் கணந்தோறும் அறிவித்துத் திருத்தம் பெறும். திருப்பூர்த் தையல் யந்திரத்தின் ஊசி வேண்டிய இடத்தில் நிற்பது இதனாலேயே.

சர்வோவின் உருளையில் பெரும்பாலும் அருமண் காந்தங்கள் பதிக்கப்படுகின்றன. இத்தகைய காந்தங்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்குச் சீன சர்க்கார் 2025 ஏப்ரலில் கட்டுப்பாடு விதித்தது. நம் நாட்டு மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் தவித்தன. அருமண் அடங்கிய மோனசைட் மணலோ நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடக்கிறது.