காரி கில்டால்

1942இல் சியாட்டிலில் பிறந்த காரி கில்டால், கலிபோர்னியாவின் மொன்ரறே கடற்படை உயர்கல்லூரியில் விரிவுரையாளராயிருந்தபோது, 1974இல் சீ.பி.எம். என்னும் இயங்குதளத்தை ஆக்கினார். வெவ்வேறு நிறுவனங்களின் சிறு கணனிகளில் ஒரே மென்பொருள் இயங்க வழிசெய்தது அதுவே.

1981இல் ஐ.பி.எம். தன் கணனியுடன் மைக்ரோசொப்டின் டொஸ் தளத்தை வெளியிட்டது. ரிம் பற்றர்சன் எழுத, மைக்ரோசொப்ட் விலைக்கு வாங்கிய தளம் அது. தமது அழைப்புமுறைகளையே அதிற் கண்ட கில்டால், நகலெனக் குற்றஞ்சாட்டினார். கையேட்டைப் பின்பற்றியதை ஒப்பிய பற்றர்சன், நிரலைத் தொடவில்லையென மறுத்தார். மென்பொருட் பதிப்புரிமை அன்று தெளிவற்றிருந்தது, கில்டால் வழக்காடவில்லை. பதிலாக, இரண்டையும் விற்க ஐ.பி.எம். இசைந்தது. டொஸ் ஏறத்தாழ 40 டொலர், பிந்திவந்த சீ.பி.எம். 240 டொலர். இதனை இணக்கமென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1994இல், 52 வயதில் அவர் மறைந்தார். ஐ.பி.எம். தேடிவந்த நாளில் விமானமோட்டி உல்லாசமாயிருந்தார் என்ற வம்புக்கதை மட்டும் இன்றும் உலவுகிறது.