இலக்கண இமாம் ஸீபவைஹி (ரஹ்)

பொங்கலூரில் மஃரிபுக்குப் பின் நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளின் தகப்பனார்களில் பெரும்பாலோர் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலோ பல்லடம் பக்கத்துத் தறிகளிலோ வேலை செய்பவர்கள். சென்ற ஆண்டு ஒரு மாலையில் ஒரு சிறுவன் அல்ஹம்து சூராவை ஓதி வரும்போது 'அன்அம்த' என்னும் இடத்தில் கடைசி எழுத்தின் ஜபரைப் பேஷாக்கி 'அன்அம்து' என்று ஓதிவிட்டான். நாம் எல்லோர் முன்னிலையிலும் சற்றுக் கடிந்து திருத்தினோம். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டனர். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவன் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் இதே போன்ற ஒரு சறுக்கலுக்கு ஆளான ஒரு வாலிபரின் வரலாற்றைச் சொல்லி அழைத்து வந்தோம். அதையே இங்கு எழுதுகிறோம்.

அச்சிறுவனின் பிழை இன்னதென்று முதலில் சொல்லிவிடுவது நல்லது. நடந்து முடிந்த செயலைக் குறிக்கும் வினையை அரபியில் 'மாழீ' என்பார்கள். அதன் கடைசியில் ஒட்டி நிற்கும் எழுத்துத்தான் செய்தவர் யார் என்று காட்டும். 'கதப' என்றால் அவன் எழுதினான். 'கதபா' என்றால் அவர்கள் இருவர் எழுதினர். 'கதபூ' என்றால் பலர் எழுதினார்கள். 'கதப்த' நீ எழுதினாய், 'கதப்து' நான் எழுதினேன், 'கதப்தும்' நீங்கள் எழுதினீர்கள், 'கதப்னா' நாம் எழுதினோம். இப்படி ஆண், பெண், ஒருவர், இருவர், பலர் என்று 14 வடிவங்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். ஆகவே அல்ஹம்து சூராவில் அருள் புரிந்தவன் நீ என்று இறைவனை விளித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பேஷைப் போட்டால், அருள் புரிந்தவன் நான் என்று ஓதுபவன் தன்னைச் சொல்லிக் கொண்டவனாகிவிடுகிறான். ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள், அறிந்துகொண்டே இப்படி ஓதினால் தொழுகை முறியும் என்றும், தவறிப்போய் ஓதியவன் திரும்பச் சரியாக ஓத வேண்டும் என்றும் கூறுகின்றன. ஹனஃபி இமாம்களில் முன்னோர்கள் பொருளைக் கெடுக்கும் பிழைகளில் கண்டிப்பாகவே இருந்தனர். பின் வந்தவர்களில் பலர் பொதுமக்களின் சிரமத்தைக் கருதி, ஜபர் பேஷ் பிழைகளில் சலுகை காட்டினர். சலுகை உண்டென்பதற்காகக் கற்காமல் இருந்துவிட முடியாது. தையல் ஒன்று விட்டாலும் பீஸ் கழிவுக்குப் போகும் என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாம் சொல்ல வந்த வாலிபரின் பெயர் அம்ரு இப்னு உஸ்மான். அபூ பிஷ்ர் என்பது குறிப்புப் பெயர். ஸீபவைஹி என்ற பாரசீகப் பட்டப் பெயரால்தான் உலகம் அவரை அறியும். ஆப்பிளின் மணம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஷீராஸுக்கு அருகில் உள்ள பைழா என்னும் ஊரில் பிறந்தவர். பஸ்ராவுக்கு வந்தது இலக்கணம் படிக்க அல்ல. ஹதீஸும் ஃபிக்ஹும் படிக்க. அங்கே ஹதீஸ் கலையில் பெயர் பெற்ற ஹம்மாது இப்னு ஸலமா (ரஹ்) அவர்களிடம் ஓதி வந்தார்.

ஒரு நாள் ஹதீஸ் ஒன்றைப் படிக்கும்போது அபுத்தர்தா (ரலி) அவர்களின் பெயர் வந்தது. அதற்கு முன்னால் 'லைஸ' என்ற சொல் இருந்தது. 'லைஸ'வுக்குப் பின் வரும் எழுவாய் பேஷ் பெறும் என்று படித்திருந்தவர், அந்த விதிப்படி 'அபூ' என்று படித்தார். ஹம்மாது (ரஹ்) அது பிழை என்று உரக்கத் திருத்தினார். இவ்விடத்தில் 'லைஸ' என்பது நீங்கலாக என்ற பொருளில் வந்திருக்கிறது, ஆகவே 'அபா' என்றே படிக்க வேண்டும் என்று விளக்கினார். விதி தெரிந்தவர்தான் சறுக்கினார் என்பதைக் கவனியுங்கள். சபையில் பட்ட வெட்கம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. இனி எவரும் தம் நாவில் குற்றம் காண முடியாத அளவுக்கு இந்தக் கலையைக் கற்றே தீர்வது என்று உறுதி செய்துகொண்டு, இமாம் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்களின் வாசலுக்குப் போனார்.

கலீல் (ரஹ்) அரபுக் கவிதையின் யாப்பை முதன்முதலில் வகுத்தவர். அரபியின் முதல் அகராதிக்கு வித்திட்டவர். பஸ்ராவில் ஓர் எளிய குடிசையில், செல்வந்தர்களின் வாசலை நாடாமல் வாழ்ந்த பெருமகன். இந்தப் பாரசீக மாணவர் எத்தனை முறை வந்து கேட்டாலும் அவர் சலிப்படையவில்லை. யூனுஸ் இப்னு ஹபீப், ஈஸா இப்னு உமர் போன்றோரிடமும் ஸீபவைஹி கற்றார். அவருடைய நாவில் சிறிது தடங்கல் இருந்தது என்றும், பேச்சைவிட எழுத்தே அவருக்கு நன்கு வந்தது என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

அந்த எழுத்துத்தான் 'அல்கிதாப்' என்னும் பெருநூல். அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை. பின்னால் வந்தவர்கள் வெறுமனே 'அந்தக் கிதாபு' என்றார்கள், அதுவே பெயராகிவிட்டது. ஆசிரியர் கலீலின் கருத்துகளை 500 தடவைக்கு மேல் அவர் பெயரோடு எடுத்துச் சொல்கிறார். கற்றுக் கொடுத்தவரை மறைத்துத் தம் சரக்காகக் காட்டும் வழக்கம் இக்காலத்தில் பெருகியிருப்பதால் இதைச் சொல்கிறோம்.

நம் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு தவறுக்கு அந்நூலில் மருந்து இருக்கிறது. தமிழில் பிள்ளைகள் எழுதினார்கள் என்போம். எழுதினார்கள் பிள்ளைகள் என்று மாற்றினாலும் வினை பன்மையாகவே இருக்கும். அதே பழக்கத்தில் அரபியில் 'கதபூ அல்அவ்லாது' என்று எழுதிவிடுகிறார்கள். பெயர் முன்னால் வந்தால்தான் 'கதபூ'. வினை முன்னால் வந்தால் 'கதப' என்று ஒருமையிலேயே நிற்க வேண்டும். ஏன்? 'கதபூ'வின் கடைசியில் உள்ள வாவு வெறும் பன்மை அடையாளம் அல்ல. அது அவர்கள் என்னும் பிரதிப்பெயர், அதாவது ழமீர். செய்தவர் அதற்குள்ளேயே இருக்கிறார். பிறகு அவ்லாது என்று வெளிப்படையாகவும் சொன்னால், ஒரே செயலுக்கு எழுவாய் இரண்டு முறை வந்துவிடும்.

ஆனால் அரபிகளிலேயே சிலர் வினை முன்னால் வரும்போதும் வாவைச் சேர்த்துப் பேசினார்கள். தெள்ளுப்பூச்சிகள் என்னைத் தின்றன என்பதற்கு 'அகலூனீ' என்று பன்மையில் தொடங்கும் பேச்சு இலக்கண உலகில் பிரசித்தம். ஸீபவைஹி (ரஹ்) அவர்களைப் பழிக்கவில்லை. பெண்பாலைக் காட்ட 'காலத்' என்பதில் ஒரு தே எழுத்தைச் சேர்ப்பது போல, இவர்கள் பன்மையைக் காட்ட வாவைச் சேர்க்கிறார்கள். இது குறைவான வழக்கு என்று பதிவு செய்தார். அன்பியா சூராவின் 3-வது ஆயத்தில் 'அஸர்ரூ' என்று பன்மை வினையும் அதன் பின் செய்தவர்களும் வருவதை, அந்த வழக்கோடு அவர் சேர்க்கவில்லை. அவர்கள் என்று சொல்லி நிறுத்தி, யார் அவர்கள் என்ற வினாவுக்கு விடை போலப் பின்னால் விளக்கம் வருகிறது என்றார். பிழை எது, வழக்கு எது, நடையழகு எது என்று பிரித்தறிய இதைவிட நல்ல பாடம் நமக்குத் தெரியவில்லை.

இவ்வளவு கற்றவருக்கு இறுதிச் சோதனையும் ஒரு பிரதிப்பெயரால்தான் வந்தது. கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் ஸீபவைஹி பக்தாதுக்குச் சென்றார். அங்கே கூஃபா இலக்கண வழியின் தலைவரும், ஏழு கிராஅத் இமாம்களுள் ஒருவருமான கிஸாயீ (ரஹ்) அவர்கள் இளவரசர்களின் ஆசிரியராக இருந்தார். வஸீர் யஹ்யா பர்மகீயின் சபையில் இருவருக்கும் விவாதம் ஏற்பாடாயிற்று. கிஸாயீயின் மாணவர்கள் முதலில் வந்து கேள்வி மேல் கேள்வி கேட்டு அவரைக் களைக்கச் செய்தார்கள். அதன் பிறகே கிஸாயீ (ரஹ்) வந்தார்.

கேள்வி தேளையும் குளவியையும் பற்றியது. தேள் கொட்டுவதுதான் கடுமை என்று நினைத்திருந்தேன், பார்த்தால் குளவியும் அதேதான் என்று சொல்லும்போது, முடிவில் 'ஹிய' என்று வரவேண்டுமா, 'இய்யாஹா' என்றும் வரலாமா? ஸீபவைஹி (ரஹ்) 'ஹிய' மட்டுமே சரி என்றார். கிஸாயீ (ரஹ்) இரண்டும் சரி என்றார். வாசலில் நின்ற கிராமத்து அரபிகள் சாட்சிக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் கிஸாயீயின் பக்கம் பேசினர். அரசவையில் யாருக்குச் செல்வாக்கு என்று அறிந்தே அவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்று பலர் எழுதியுள்ளனர். பின் வந்த இலக்கண அறிஞர்களில் மிகப் பலர் ஸீபவைஹியின் விடையையே ஏற்றனர். தாஹா சூராவில் மூஸா நபி (அலை) அவர்களின் கைத்தடி பாம்பாக மாறிய இடத்திலும் 'ஹிய' என்பதே வந்துள்ளது.

அவருக்கு 10,000 திர்ஹம் கொடுத்தனுப்பினார்கள். கிஸாயீயே பரிந்துரைத்தார் என்றும் வரலாறு உண்டு. ஆனால் ஸீபவைஹி (ரஹ்) பஸ்ராவுக்குத் திரும்பவில்லை. பாரசீகத்துக்கே போய், ஹிஜ்ரி 180 (கி.பி. 796) அளவில் காலமானார். வயது 32 என்போரும் உண்டு, 40-ஐத் தாண்டியிருந்தார் என்போரும் உண்டு. கப்ரு ஷீராஸ் நகரில் இருக்கிறது.

நூலை அவர் யாருக்கும் முழுதாக ஓதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அவரைவிட வயதில் மூத்த மாணவர் அக்ஃபஷ் என்பாரே அதைப் பிறருக்கு ஓதிக் கொடுத்துக் காப்பாற்றினார். அந்த அக்ஃபஷிடம் கிஸாயீ (ரஹ்) அவர்களே அந்தரங்கமாக அமர்ந்து அதை ஓதினார் என்று எழுதியிருக்கிறார்கள். கிஸாயீயின் தலைமாணவரான ஃபர்ராஉ (ரஹ்) ஹிஜ்ரி 207-ல் மறைந்தபோது, அவர் தலைமாட்டின் அடியில் இருந்ததும் அந்தக் கிதாபுதான் என்பார்கள்.