கெமர் வேந்தன் இரண்டாம் சூரியவர்மன்

கடல்கடந்த நாடுகளில் தமிழர் பெற்றிருந்த பெருமையைப் போற்றும் மேடைகளில், கம்போடியாவின் அங்கோர்வாட் கோயிலைத் தமிழ் மன்னன் ஒருவன் கட்டினான் என்னும் கூற்று அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். செவிக்கு இனிய கூற்றே. ஆயினும் வரலாறு அதற்குச் சான்று தரவில்லை. அக்கோயிலை எழுப்பியவன் கெமர் இனத்து வேந்தனாகிய இரண்டாம் சூரியவர்மன். அவன் வாழ்வை அறிவது, தமிழகத்திற்கும் காம்போச நாட்டிற்கும் இருந்த மெய்யான உறவை அறிவதுமாகும்.

அரியணை ஏறல்

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெமர் நாடு ஒற்றுமை குலைந்து, இருவேறு தலைவர்களின்கீழ்ப் பிளவுண்டு கிடந்தது. கல்வி முடித்த இளம்பருவத்திலேயே அரசுரிமையை நாடிய சூரியவர்மன், இருவரையும் வென்று நாட்டை ஒன்றாக்கினான். அவர்களுள் முதலாம் தரணீந்திரவர்மன் அவனுக்குப் பாட்டன் முறையினன். போர்க்களத்தில் அம்மன்னனின் யானைமீது பாய்ந்து அவனைக் கொன்றான் என்று கெமர்க் கல்வெட்டு கூறுகிறது. 1113-ஆம் ஆண்டில் அரசகுருவாகிய திவாகர பண்டிதர் அவனுக்கு முடிசூட்டினார்.

தில்லையில் ஒரு கல்

முதலாம் இராசேந்திர சோழனுக்குக் காம்போச மன்னன் தேர் ஒன்றை அனுப்பி நட்பு நாடியதைக் கரந்தைச் செப்பேடு தெரிவிக்கிறது. அந்நட்பு தொடர்ந்தது. முதற் குலோத்துங்கனுக்குக் காம்போச அரசன் அரிய கல்லொன்றைக் காட்டினான் என்பதையும், அது சோழனின் ஆணைப்படி தில்லைக் கோயிலில் வைக்கப்பட்டது என்பதையும் 1114-ஆம் ஆண்டின் சிதம்பரம் கல்வெட்டு குறிக்கிறது. அவ்வரசனின் பெயர் அதில் இல்லை. காலத்தை நோக்கின் சூரியவர்மனே எனக் கருத இடமுண்டு. இவை இரு பேரரசுகளின் நட்பைக் காட்டுவன. ஒன்று மற்றொன்றை ஆண்டதைக் காட்டுவன அல்ல.

கல்லில் எழுந்த உலகம்

திருமாலுக்கு அவன் எடுத்த அங்கோர்வாட், மேற்கு நோக்கியது. ஏறத்தாழ 190 மீட்டர் அகலமுள்ள அகழி அதனைச் சூழ்ந்துள்ளது. நடுக்கோபுரம் 65 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. குலேன் மலைப்பகுதியிலிருந்து மணற்கற்கள் கொண்டுவரப்பட்டன. பாரதப் போரும், இலங்கைப் போரும், பாற்கடல் கடைதலும் சுவர்களில் சிற்பங்களாக விரிகின்றன. படை சூழ வீற்றிருக்கும் சூரியவர்மனின் உருவமும் அங்கு உண்டு. கதைகள் பாரதத்திலிருந்து சென்றவை; கைகள் கெமர் மக்களுடையவை. கல் சுமந்தோர், செதுக்கியோர் ஆகியோரின் உழைப்பே அக்கோயில்.

போரும் வீழ்ச்சியும்

சீனப் பேரரசிற்கு 1116-இலும் 1120-இலும் தூதுவரை அனுப்பி உறவை வளர்த்த அவன், அண்டை நாடுகளோடு போரையே விரும்பினான். 1128-இல் இருபதாயிரம் வீரருடன் வியட்நாமியர்மீது படையெடுத்துத் தோற்றான். 1145-இல் சாம்பா நாட்டின் தலைநகராகிய விசயபுரத்தைக் கைப்பற்றினான். நான்கே ஆண்டுகளில் சாம் மக்கள் அதனை மீட்டனர். 1150-ஐ ஒட்டி அவன் மறைந்தான். அதன்பின் நாடு தளர்ந்தது. 1177-இல் சாம் படையினர் தலைநகரைச் சூறையாடினர். 1181-இல் முடிசூடிய ஏழாம் செயவர்மனே நாட்டை மீண்டும் நிலைநிறுத்தினான்.

காலத்தின் தீர்ப்பு

1471-இல் வியட்நாமியரிடம் விசயபுரம் வீழ்ந்தபோது, சாம் மக்களுள் பலர் அடைக்கலம் தேடிச் சென்றது கெமர் மண்ணையே. சூரியவர்மன் வாளால் அடக்க முயன்ற அம்மக்களின் வழித்தோன்றல்கள், பெரும்பாலும் இசுலாமியராக, இன்றும் கம்போடியாவில் வாழ்கின்றனர். வென்ற நகரம் நெடுநாள் நிலைக்கவில்லை. கட்டிய கோயிலோ கம்போடியக் கொடியில் சின்னமாக விளங்குகிறது.

வைப்பாற்றங்கரையில் பயிலும் மாணவச் செல்வங்கள் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றைக் கொள்ளுதல் வேண்டும். பிறர் உழைப்பை நமதென்று உரிமை பாராட்டுவதால் தமிழ் உயர்வதில்லை. கடலுக்கு அப்பாலும் ஒரு பேரரசு தமிழகத்தின் நட்பை மதித்தது என்னும் உண்மையே நமக்குப் போதிய பெருமையாகும்.