பைக்கைக் கழற்றிய பையன்: ஜி.டி. நாயுடு

ஞாயிற்றுக்கிழமை காலையில பூம்புகார் பீச் பக்கம் போனவங்களுக்கு இந்தக் காட்சி பழக்கமா இருக்கும். சீர்காழி ரோட்டுல இருந்து நாலஞ்சு பெரிய டூரிங் பைக் வரிசையா வந்து டீக்கடை ஓரமா நிக்கும். வி-ட்வின் என்ஜின், பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் பெட்டி மாதிரி சேடில்பேக், மாத்திப் போட்ட எக்ஸாஸ்ட், தனியா செஞ்ச சீட், பெயின்ட். ஓட்டிட்டு வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றுறதுக்குள்ள நம்ம பசங்க சுத்தி நின்னுடுவாங்க. விலை என்ன, மைலேஜ் என்ன, ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா. நானும் அந்தக் கூட்டத்துல நின்னவன்தான்.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. கடல் வழியா வெளிநாட்டுக் குதிரை வந்து இறங்கிய துறைமுகம்னு பட்டினப்பாலை சொல்ற ஊர் இது. அன்னைக்கும் கரையில ஒரு கூட்டம் வாயைப் பிளந்துட்டு நின்னுருக்கும். சேடில்பேக்கே குதிரைச் சேணத்துல தொங்கின பைதானே!

அப்படி ஒரு வண்டியைப் பார்த்து வாயைப் பிளந்த ஒரு கிராமத்துப் பையனோட கதைதான் இந்த மாசக் கட்டுரை. இடம் மட்டும் காவிரிக் கரை இல்லை, கொங்கு நாடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ஆம் தேதி கோயம்புத்தூர் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. காட்டு வேலை பார்த்துக்கொண்டு, கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்துக்கொண்டு இருந்தவருக்கு, இருபது வயதை ஒட்டி ஒரு நாள் அது கண்ணில் பட்டது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிக்கொண்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள், 1912 மாடல்.

மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மட்டுமே பார்த்த கண். முன்னாடி இழுக்க எதுவுமே இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுகிறது! இது எப்படி ஓடுகிறது என்கிற கேள்வி அவரை விடவே இல்லை.

அந்த ரட்ஜ் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்தில் தயாரான வண்டி. அந்தக் காலத்தில் வேகத்துக்குப் பேர் போன கம்பெனி. அவர்களுடைய முக்கிய மாடல் ஒரே சிலிண்டர், 499 சிசி. பின் சக்கரத்துக்குச் செயின் கிடையாது, பெல்ட்தான். 1912-ல் அவர்கள் விற்ற 'மல்டி' மாடலில் ஒரு லிவரைத் தள்ளினால் என்ஜின் பக்கப் புல்லியின் விட்டம் மாறும். பெல்ட் தளர்ந்துவிடாமல் இருக்க, பின்பக்கப் புல்லி அதற்கு எதிர்த் திசையில் மாறும். கியர் விகிதம் படிப்படியாகக் கூடும், குறையும். நம்ம ஸ்கூட்டரில் இருக்கிற சிவிடிக்கு இது கிட்டத்தட்ட தாத்தா. இதே மல்டி 1914-ல் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தையும் ஜெயித்தது.

அந்த வண்டியை வாங்க நாயுடு கையில் காசு இல்லை. ஊரை விட்டுக் கிளம்பி கோயம்புத்தூர் வந்தார். ஒரு ஹோட்டலில் சர்வர் வேலை. மூன்று வருடம் தட்டு எடுத்து, தண்ணீர் வைத்து, 300 ரூபாய் சேர்த்தார். அந்தப் பணத்தைக் கொடுத்து மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

இதுவரைக்கும் இது நம்ம எல்லாருடைய கதையும்தான். பார்ட் டைம் வேலை, அப்பாகிட்ட கெஞ்சல், இஎம்ஐ, கடைசியில் பைக். ஆனா நாயுடு அடுத்துச் செய்ததைப் பாருங்க. மூன்று வருட உழைப்பில் வந்த வண்டியை முழுசாகக் கழற்றிப் போட்டார். ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். பிறகு திரும்பப் பூட்டினார். சொல்லித்தர ஆள் இல்லை, யூடியூப் இல்லை. தப்பாகப் பூட்டினால் 300 ரூபாயும் மூன்று வருடமும் போச்சு.

அதுதான் அவருடைய காலேஜ். அதற்குப் பிறகு அவர் ஒரு மெக்கானிக்.

அப்புறம் எல்லாம் நேராகப் போய்விடவில்லை. பஞ்சு வியாபாரத்தில் இறங்கிச் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய் அங்கே எல்லாவற்றையும் இழந்தார். வெறுங்கையோடு திரும்பி வந்தவருக்குக் கோயம்புத்தூர் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்தார். 1920-ல் நாயுடு கைக்கு ஒரு பஸ் வந்தது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அதை அவரே ஓட்டினார். ஒரு பஸ் பல பஸ் ஆனது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., நாட்டிலேயே ஒழுங்காக ஓடும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் எடுத்தது.

பஸ்ஸோடும் அவர் நிற்கவில்லை. ஐரோப்பா போனார், தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார். பேட்டரியில் ஓடும் சவர இயந்திரம் செய்தார், 'ரேசன்ட்' என்று பெயர். 1937-ல் பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸிலிருந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் வெளிவந்தது. அதன் பின்னால் இருந்த திறமை டி. பாலசுந்தரம் நாயுடுவுடையது. மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். கோயம்புத்தூர் இன்றைக்கு மோட்டார், பம்ப் நகரமாக இருப்பதில் அந்தப் பீளமேட்டுப் பட்டறைக்கும் பங்கு உண்டு.

இனிமேதான் நமக்கு உறைக்கிற இடம். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் காலேஜும் ஆரம்பிக்க, பணமும் உழைப்பும் கொடுத்தவர் நாயுடு. அந்தக் காலேஜ்தான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, நம்ம ஜி.சி.டி. 1945-ல் அதற்கு அவரே பிரின்சிபால். மூன்றாம் வகுப்பு படித்தவர் இன்ஜினியரிங் காலேஜ் பிரின்சிபால்! நாலு வருட படிப்பு வீண், ரெண்டு வருடமே அதிகம் என்பது அவருடைய கட்சி. ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ் மாதிரியான பாடங்களை ஆறே வாரத்தில் கற்றுத்தரலாம் என்று வகுப்பு நடத்தியும் காட்டினார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார்.

பிடிவாதக்காரர்தான். அரசாங்கத்தின் வரிக்கொள்கை மேல் வந்த கோபத்தில், தான் உருவாக்கிய ரேடியோ, ரேசர் மாதிரியான பொருட்களை ஜனங்கள் முன்னாடியே உடைத்துப் போட்டவர். குறைந்த விலையில் ஒரு சின்னக் காரும் உருவாக்கினார், அதற்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. 1974 ஜனவரி 4-ஆம் தேதி காலமானார். அவினாசி ரோட்டில் அவர் பெயரில் மியூசியம் இருக்கிறது. அதே ரோட்டில் 2025-ல் திறந்த, சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

இதைப் படிச்சதுக்கப்புறம் எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஐ.சி. என்ஜின் லேப்ல வெட்டி வெச்ச மாடலைத்தான் பார்த்திருக்கேன். ஓட்டோ சைக்கிள் வரைபடம் கண்ணை மூடிட்டு வரைவேன். வீட்டு வண்டியில ஸ்பார்க் ப்ளக்கை இதுவரைக்கும் என் கையால கழற்றினது இல்லை. சர்வீஸுக்கு விட்டுட்டு, சாயந்திரம் போய் எடுத்துட்டு வருவேன். பெரிய பைக் மேல ஆசை இருக்குறது தப்பில்லை, நாயுடுவுக்கும் இருந்துச்சு. அவருக்கு வண்டி கைக்கு வந்த நாள்ல வேலை ஆரம்பிச்சுது. நமக்கு அதே நாள்ல ஒரு போட்டோவோட முடிஞ்சுடுது.

அதனால அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூம்புகார்ல அந்தக் கூட்டத்துல நின்னா, விலையை விட்டுட்டு வேற கேள்வி கேட்கப் போறேன். பின் சக்கரத்துக்கு செயினா, பெல்ட்டா? ஹார்லி டூரிங் வண்டின்னா இன்னைக்கும் பெல்ட்தான். ரட்ஜ்ல இருந்த வழவழப்பான பெல்ட்டுக்கும், பல் வெச்ச இந்த பெல்ட்டுக்கும் என்ன வித்தியாசம்? சேடில்பேக்ல சுமை ஏத்தினா பின் சஸ்பென்ஷனை எவ்வளவு மாத்தணும்? ஒரு பக்கம் மட்டும் கனமா இருந்தா வளைவுல வண்டி என்ன பண்ணும்? பைக்ல ஊர் சுத்துறவங்க இதுக்கெல்லாம் சந்தோஷமா பதில் சொல்லுவாங்க.

அதுக்கு முன்னாடி, இந்த வாரமே அப்பாவோட பழைய ஸ்ப்ளெண்டர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். முதல்ல ப்ளக், அப்புறம் ஏர் ஃபில்டர், அப்புறம் கார்புரேட்டர். திரும்பப் பூட்டினப்போ எத்தனை ஸ்க்ரூ மிச்சம் இருந்துச்சுன்னு அடுத்த இதழ்ல சொல்றேன்.