புரதத்தை அளந்த கெல்டால்

யோகான் கெல்டால் 1849ஆம் ஆண்டு டென்மார்க்கு நாட்டில் பிறந்தார். கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் உரிமையாளர் நிறுவிய ஆய்வுக்கூடத்தில், வேதியியல் பகுதிக்குத் தலைமை பூண்டார். பார்லியில் உள்ள புரதத்தின் அளவை அறிதல் அவ்வாலைக்கு இன்றியமையாததாயிற்று. அந்நாளைய முறைகளோ கடினமானவை, நெடுநேரம் கொள்வன.

கெல்டால் அயராது முயன்று, 1883இல் எளிய முறையொன்றை வெளியிட்டார். தானியத்தை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்தால், புரதத்திலுள்ள நைட்ரஜன் அம்மோனியம் உப்பாக மாறும். அதனுடன் காரம் சேர்த்து வடித்தால் அம்மோனியா வெளிப்படும். அதனை அளவறிந்த அமிலத்தில் ஏற்று, எஞ்சும் அமிலத்தை அளந்தால் நைட்ரஜனின் அளவு புலனாகும். புரதத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. ஆதலின், கிடைத்த அளவை 6.25ஆல் பெருக்கிப் புரதத்தைக் கணக்கிடுவர்.

1900ஆம் ஆண்டு கடலில் நீராடுகையில் கெல்டால் உயிர் நீத்தார். அவர் வகுத்த முறை உலகெங்கும் பரவியது. செவ்வனே செய்தால், எத்தனை முறை அளப்பினும் ஒத்த விடையே கிட்டும். ஆயினும், அம்முறை அளப்பது நைட்ரஜனையே, புரதத்தையன்று. நீர் கலந்த பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமினைச் சேர்த்துச் சிலர் இச்சோதனையை ஏமாற்றியது 2008இல் சீனாவில் வெளிப்பட்டது. அப்பாலை உண்ட குழந்தைகள் பல்லாயிரவர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். அளவு பிழையாதிருத்தல் மட்டும் போதாது. அளக்கப்படுவது இன்னதெனத் தெளிதலும் ஆய்வாளர் கடனாகும்.