1,372 யென் கடனும் 551 கவிதைகளும்

ஜப்பானியக் கவிஞர் இஷிகாவா தக்குபோக்கு தம் கையால் ஒரு கடன் பட்டியல் எழுதிவைத்திருந்தார். யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்று ஒவ்வொரு பெயராகக் குறித்திருந்தார். கூட்டிப் பார்த்தால் 1,372 யென் 50 சென் வருகிறது. தோக்கியோவில் ஒரு நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த மாதச் சம்பளம் 25 யென். சம்பளத்தில் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் அந்தக் கடனை அடைக்க நான்கரை ஆண்டுக்கு மேல் ஆகும். அவருக்கு அத்தனை ஆண்டுகள் வாய்க்கவில்லை. 1912 ஏப்ரல் 13ஆம் தேதி, 26 வயதில், காசநோயால் இறந்தார்.

ஜப்பானியக் கவிதை என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹைக்கூ. தமிழில் அதை எழுதாத இளம் கவிஞர் குறைவு. தக்குபோக்கு எழுதியது தன்கா. இது ஹைக்கூவைவிட மிகப் பழையது. 5-7-5-7-7 என்ற கணக்கில் 31 அசைகள் கொண்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அரசவையினரும் துறவிகளும் காதலர்களும் எழுதிவந்த வடிவம். நிலவும் செர்ரிப் பூவும் கண்ணீர் நனைத்த சட்டைக் கையும் அதற்கு வழக்கமான பொருள்கள். கடன்காரனும் சம்பள நாளும் அதற்குள் நுழைந்தது இவரைப் போன்றவர்களால்தான்.

இவர் 1886 பிப்ரவரியில் வடகிழக்கு ஜப்பானின் இவாத்தே வட்டாரத்தில் பிறந்தார். இயற்பெயர் ஹஜிமே. தந்தை ஒரு ஜென் பௌத்தக் கோயிலின் குரு. அடுத்த ஆண்டே குடும்பம் ஷிபுதாமி என்ற சிற்றூர்க் கோயிலுக்குக் குடிபெயர்ந்தது. ஒரே மகன் என்பதால் செல்லம் அதிகம். படிப்பில் கெட்டிக்காரர் என்று ஊரில் பெயர். ஆனால் மொரியோக்கா நடுநிலைப் பள்ளியில் படித்தபோது கவிதையிலும் காதலிலும் மனம் போனது. தேர்வில் ஏமாற்றியதாகச் சிக்கிக்கொண்டு, 1902இல் பள்ளியை விட்டு விலகினார். வயது 16. கையில் சான்றிதழ் இல்லாமல், கவிஞராகிவிடலாம் என்ற நம்பிக்கையோடு தோக்கியோவுக்கு ரயில் ஏறினார். சில மாதங்களில் நோயோடு திரும்பிவந்தார்.

பிறகுதான் தக்குபோக்கு என்ற புனைபெயர் வந்தது. மரங்கொத்தி என்று பொருள். அந்தக் காலத்தின் முன்னணிக் கவிதை இதழான ‘மியோஜோ’ அவருடைய படைப்புகளை வெளியிட்டது. 19 வயதில் முதல் கவிதை நூலும் வந்துவிட்டது. இந்த வேகத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகப் போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதற்குள் அவருடைய தந்தை தலைமையிடத்துக்குச் செலுத்த வேண்டிய தொகையைச் செலுத்தாததால் கோயில் பதவியை இழந்திருந்தார். பெற்றோர், தங்கை, வரப்போகும் மனைவி என எல்லாரையும் காப்பாற்றும் பொறுப்பு பள்ளிப் படிப்பை முடிக்காத ஓர் இளைஞரின் தலையில் விழுந்தது.

அவர் அதை எப்படி எதிர்கொண்டார்? 1905 மே மாத இறுதியில் மொரியோக்காவில் அவருக்குத் திருமணம். மணப்பெண் செட்சுகோ, பள்ளிக் காலத்திலிருந்தே காதலி, வீட்டில் எதிர்ப்பைச் சமாளித்துச் சம்மதம் வாங்கியவர். தோக்கியோவிலிருந்து புறப்பட்ட மாப்பிள்ளை வழியில் செண்டாய் நகரில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். திருமணம் மாப்பிள்ளை இல்லாமலே நடந்தது. அவர் வந்து சேர்ந்தது சில நாள் கழித்துத்தான். செட்சுகோ காத்திருந்தார். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கவிஞர்மேல் கோபம்தான் வருகிறது. அவருடைய ரசிகர்கள் பலரும் இதை வேடிக்கையான சம்பவம்போலச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார்கள்.

1906இல் ஷிபுதாமிக்குத் திரும்பி, தாம் படித்த தொடக்கப் பள்ளியிலேயே தற்காலிக ஆசிரியரானார். மாதம் 8 யென். மாணவர்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. மறு ஆண்டு தலைமையாசிரியருக்கு எதிராக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வகுப்புப் புறக்கணிப்பு நடத்தினார், வேலை போனது. பிழைப்பு தேடி வடக்கே ஹொக்கைடோ தீவுக்குப் போனார். ஹாக்கோடாத்தே நகரில் கொஞ்சம் நிலைகொண்ட நேரத்தில், 1907 ஆகஸ்டில் ஏற்பட்ட பெருந்தீ நகரின் பெரும் பகுதியை அழித்தது. அதன் பிறகு சப்போரோ, ஒத்தாரு, கடைசியில் பனி உறைந்த குஷிரோ என்று ஓராண்டுக்குள் ஊர் ஊராகப் பத்திரிகை வேலை. எங்கும் நிலைக்கவில்லை.

1908 வசந்தத்தில் அவர் எடுத்த முடிவுதான் எல்லாவற்றையும் மாற்றியது. மனைவி, கைக்குழந்தை, தாய் மூவரையும் ஹாக்கோடாத்தேயில் நண்பர் மியாசாக்கி இகுவின் பொறுப்பில் விட்டுவிட்டு, நாவலாசிரியர் ஆவதற்காகக் கப்பலேறித் தோக்கியோ போனார். ஆம், நாவலாசிரியர். தன்கா எழுதிப் புகழ் பெறுவது அவருடைய திட்டத்திலேயே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கதைகளை எழுதிப் பதிப்பாளர்களிடம் கொண்டுபோனார். பெரும்பாலானவை திரும்பி வந்தன. அந்த ஜூன் மாதம், மனம் வெறுத்துப்போயிருந்த இரண்டு மூன்று நாள்களில் தன்காக்கள் தாமாகவே கொட்டத் தொடங்கின. இருநூறுக்கும் மேல் எழுதினார். அதற்காகப் பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை. நாவல் எழுத முடியாத கோபத்தை, கையில் கிடைத்த சின்ன வடிவத்தின்மேல் காட்டினார் என்று சொல்லலாம்.

விடுதி வாடகை பாக்கி ஏறிக்கொண்டே போனது. அதை அடைக்கத் தம் புத்தகங்களையே விற்றவர் பள்ளித் தோழர் கிண்டாய்ச்சி கியோசுகே. பின்னாளில் ஐனு பழங்குடியினரின் மொழியை ஆராய்ந்து புகழ்பெற்ற அறிஞர் அவர். மொழியியல் பயின்ற ஒருவருக்குப் புத்தகங்களைவிடப் பெரிய சொத்து என்ன இருந்திருக்கும்?

1909 மார்ச்சில் தோக்கியோ அசாஹி நாளிதழில் பிழை திருத்துநர் வேலை கிடைத்தது. இனிக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் மேலும் சில மாதங்கள் தள்ளிப்போட்டார். அந்த இடைவெளியில்தான் ரோமன் எழுத்தில் ஒரு நாள்குறிப்பு எழுதினார். மனைவி படித்துவிடக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். சம்பளத்தை அசகுசா கேளிக்கைப் பகுதியில் செலவழித்தது, வேலைக்குப் போகாமல் படுத்திருந்தது, உதவி செய்த நண்பரையே மனத்துக்குள் வெறுத்தது என எதையும் மறைக்காமல் எழுதினார். இன்று ஜப்பானிய இலக்கியத்தின் நேர்மையான உரைநடைகளில் ஒன்றாக அதை மதிக்கிறார்கள். அதே மாதங்களில் செட்சுகோ ஹாக்கோடாத்தேயில் தற்காலிக ஆசிரியராக வேலை செய்து குடும்பத்தைக் காத்தார்.

ஜூனில் குடும்பம் தோக்கியோ வந்தது. ஒரு முடிதிருத்தும் கடையின் மாடியில் வாடகை அறைகள். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் செட்சுகோ மகளோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். சில வாரங்கள் கழித்துத் திரும்பினார். அவர் போனது தக்குபோக்குவை உலுக்கியது. அதன் பிறகு அவருடைய எழுத்தில் ஒரு நிதானம் வந்ததாக ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. கவிஞன் தனிப்பிறவி என்ற எண்ணம் கரைந்து, வேலைக்குப் போய்வரும் ஒரு சாதாரண மனிதரின் குரல் கேட்கத் தொடங்குகிறது.

1910இல் ஜப்பானையே அதிர வைத்த தேசத்துரோக வழக்கு வந்தது. பேரரசரைக் கொல்லச் சதி செய்ததாகச் சமதர்மவாதி கோத்தோக்கு ஷூசுயியும் பலரும் கைதானார்கள். மறு ஆண்டு ஜனவரியில் 12 பேர் தூக்கிலிடப்பட்டனர். நாளிதழில் இருந்ததால் வழக்கை நெருங்கிப் பின்தொடர்ந்த தக்குபோக்கு, இளைஞர்களை மூச்சுத் திணற வைக்கும் காலச் சூழலைப் பற்றிக் கடுமையான கட்டுரை ஒன்றை எழுதினார். அவர் உயிரோடிருந்தவரை அது அச்சேறவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ‘ஒரு பிடி மணல்’ வெளிவந்தது. 551 தன்காக்கள். வழக்கமாக ஒரே வரியில் அச்சாகும் தன்காவை மூன்று வரிகளாக உடைத்திருந்தார். எந்த இடத்தில் மூச்சு நிற்கிறது என்பதை வாசகர் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. பேசுபொருளோ இன்னும் புதிது: நண்பர்கள் முன்னேறும்போது வரும் தாழ்வு மனப்பான்மை, அலுவலகச் சலிப்பு, விட்டுவந்த ஊர்மேல் ஏக்கம், தாயின் முதுமை. பெரிய வார்த்தை எதுவும் கிடையாது. பகுதிநேர வேலை முடிந்து கடைசி ரயிலில் வீடு திரும்பும் மாணவருக்கு இந்தக் கவிதைகள் விளக்கவுரை இல்லாமலே புரியும்.

அந்த நூலுக்குக் கிடைத்த முன்பணம் 20 யென். அக்டோபர் 4ஆம் தேதி பிறந்த மகன் ஷின்இச்சியின் மருந்துச் செலவுக்கு அந்தப் பணம் போனது. குழந்தை 27ஆம் தேதி இறந்தது. நூலின் மாதிரிப் பக்கங்கள் அவர் கைக்கு வந்தது குழந்தையைத் தகனம் செய்த இரவில். மகனுக்காக எட்டுக் கவிதைகள் எழுதி நூலின் இறுதியில் சேர்த்தார். நூலை மியாசாக்கிக்கும் கிண்டாய்ச்சிக்கும் காணிக்கையாக்கினார். மகனையும் அதில் நினைவுகூர்ந்தார். கடன் பட்டியலில் இருந்த அந்த இரு நண்பர்களுக்கும் அவரால் திருப்பித் தர முடிந்தது இந்த ஒரு பக்கம்தான்.

1911 முழுவதும் நோய். 1912 மார்ச்சில் தாய் காசநோயால் இறந்தார். அடுத்த மாதம் அவர். இறக்கும்போது அருகில் தந்தையும், கர்ப்பிணியான செட்சுகோவும், கவிஞர் வாக்காயாமா போக்குசுயியும் இருந்தனர். இரண்டாம் தொகுப்பான ‘சோகப் பொம்மைகள்’ ஜூனில் வெளிவந்தது. இரண்டாவது மகளும் அதே மாதம்தான் பிறந்தாள். கவிதை தமக்கு ஒரு பொம்மை, அவ்வளவுதான் என்று முன்பு அவர் எழுதியிருந்ததிலிருந்து நண்பர் தோக்கி எடுத்து வைத்த தலைப்பு அது.

நாள்குறிப்புகளை எரித்துவிடும்படி தக்குபோக்கு சொல்லியிருந்தார். செட்சுகோ எரிக்கவில்லை. தாம் படிக்கக் கூடாது என்று ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட பக்கங்களையும் சேர்த்தே காப்பாற்றினார். அவையும் பின்னர் ஹாக்கோடாத்தே நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. செட்சுகோவும் காசநோயால் 1913 மே மாதம் அதே நகரில் இறந்தார். கடலை நோக்கிய தச்சிமாச்சி முனையில் குடும்பத்துக்கென்று ஒரு கல்லறை இருக்கிறது. அதை எழுப்ப முன்னின்றவர்களில் ஒருவர், கடன் பட்டியலில் இருந்த மியாசாக்கி.